எஸ்.வி.டி. படபடப்பு வந்தவரை எப்போது சாய்த்து வைப்பது, எப்போது படுக்க வைத்துக் காலைத் தூக்குவது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு 34 வயது. தோட்டத்தில் குனிந்து தக்காளி பறித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தபோது நெஞ்சு திடீரென்று தடதடவென அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்து எஸ்.வி.டி. (இதயத்தின் மேற்பகுதியில் கிளம்பித் திடீரென்று வரும் அதிவேகத் துடிப்பு) என்று சொல்லி, ஒரு சிரிஞ்சைக் கையில் கொடுத்து ஊதச் சொல்லியிருக்கிறார்கள். ஊதி முடித்த கையோடு கட்டிலின் தலைப்பக்கத்தைச் சட்டென்று இறக்கி, இரண்டு காலையும் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். 190ல் இருந்த துடிப்பு கொஞ்ச நேரத்தில் 88க்கு வந்துவிட்டதாம். வீட்டுப் பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "நெஞ்சு அடிச்சுக்கிறவளை மல்லாக்கப் போட்டுக் காலைத் தூக்கினா ரத்தமெல்லாம் நெஞ்சுக்குத்தானே போகும், அது ஆபத்தில்லையா?" என்கிறார்கள். அடுத்த முறை வந்தால் இதை வீட்டிலேயே செய்யலாமா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது உட்கார வைப்பதா படுக்க வைப்பதா என்பதும் தம்பியின் கேள்வி.

தம்பி, பெரியவர்கள் சொன்னதில் பாதி முழுக்கச் சரி. காலைத் தூக்கினால் ரத்தம் நெஞ்சுக்குத்தான் போகும். அது போக வேண்டும் என்பதற்காகத்தான் தூக்கினார்கள். ஆபத்தா என்பதற்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் வேண்டும், ஏனென்றால் யாருக்கு, எந்த நொடியில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து அதே காரியம் மருந்தாகவும் இருக்கும், கெடுதலாகவும் இருக்கும்.

இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்கும் வழியில் ஏவி கணு என்று ஒரு இடம் இருக்கிறது. சாதாரணமாக எல்லாத் துடிப்பும் அந்த வழியாக மேலிருந்து கீழே ஒருமுறை போகும், அவ்வளவுதான். சிலருக்குப் பிறவியிலேயே அங்கே இரண்டு பாதை இருக்கும், அல்லது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கூடுதலாக ஒரு குறுக்குப் பாதை இருக்கும். தவறான நேரத்தில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தால் அது ஒரு பாதையில் இறங்கி இன்னொரு பாதையில் மேலே ஏறி, செக்குமாடு மாதிரி அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு. அதனால்தான் நிமிடத்துக்கு 150, 180, 220 என்று ஓடுகிறது, சுவிட்சைப் போட்டதுபோல் ஆரம்பித்து அதேபோல் நிற்கிறது. குனிந்து நிமிர்ந்தபோது வந்தது என்று எழுதியிருந்தீர்கள், அது கற்பனை இல்லை, இந்த வகையில் பலருக்கு அப்படித்தான் கிளம்பும். படபடப்பு அடங்கிய பிறகு அடிக்கடி சிறுநீர் போனதா என்று அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். மேலறை விரிவதால் சுரக்கும் ஒரு ஹார்மோன் அந்த வேலையைச் செய்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

இந்தச் சுற்றை உடைக்க ஏவி கணுவை ஒரு கணம் மந்தமாக்கினால் போதும், சுற்று அறுந்து இதயத்தின் சொந்தத் தாளம் திரும்பிவிடும். அப்படி மந்தமாக்கும் கடிவாளம் நம் உடம்பிலேயே இருக்கிறது, வேகஸ் நரம்பு என்று பெயர். மூச்சை அடக்கி முக்குவது அந்த நரம்பைத் தூண்டும் பழைய உபாயம், சிரிஞ்சை ஊதச் சொன்னதும் இதற்காகத்தான். 1704ல் காது பற்றி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் வல்சால்வாவின் பெயரில்தான் இன்றும் அதை அழைக்கிறார்கள். அவர் அதைச் சொன்னது காதுக்குள் இருக்கும் சீழை வெளியேற்றுவதற்கு, இதயத்துக்குப் பயன்படும் என்பது பின்னால் வந்தது.

நிறையப் பேர், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களும் சேர்த்துத்தான், முக்கும்போதுதான் வேலை நடக்கிறது என்று நினைக்கிறார்கள். முக்கும்போது நடப்பது நேர்மாறு. நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறுவதால் உடம்பிலிருந்து திரும்பி வரும் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் நிற்கும், பிபி இறங்கும், வேகம் இன்னும் கொஞ்சம் கூடக்கூடச் செய்யும். மூச்சை விட்ட அடுத்த சில நொடிகளில்தான் காத்திருந்த ரத்தமெல்லாம் ஒரே மூச்சில் இதயத்துக்குள் பாய்ந்து, அது வேகமாக வெளியே தள்ளப்பட்டு, பிபி சட்டென்று மேலே எகிறும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள் அதைக் கவனித்து மூளைக்குச் சொல்லும், மூளை வேகஸ் வழியாகக் கடிவாளத்தை இழுக்கும். ஆகவே அந்தச் சில நொடிகளில் எவ்வளவு ரத்தம் திரும்பி வருகிறதோ அவ்வளவுக்கு இழுப்பும் பலமாக இருக்கும். உட்கார்ந்தே இருந்தால் காலில் தேங்கிய ரத்தம் காலிலேயே நிற்கும். படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் அதுவும் சேர்ந்து நெஞ்சுக்கு வரும். காலைத் தூக்கியதற்குக் காரணம் இதுதான்.

இது யாரோ தோன்றியதைச் செய்து பார்த்த கதை இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் 10 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 428 நோயாளிகளை வைத்து ரிவர்ட் என்ற ஆய்வைச் செய்து 2015ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பாதிப் பேர் பாதி சாய்ந்த நிலையிலேயே முக்கிவிட்டு அப்படியே இருந்தார்கள், மற்றப் பாதிப் பேரை முக்கி முடித்த உடனே படுக்க வைத்துக் காலைத் தூக்கினார்கள். ஒரு நிமிடம் கழித்து ஈசிஜி பார்த்தபோது முதல் குழுவில் 17 சதவீதம் பேருக்கும் இரண்டாவது குழுவில் 43 சதவீதம் பேருக்கும் தாளம் சரியாகியிருந்தது. இரண்டு குழுவும் முக்கியது ஒரே அளவுதான், ஒரே 15 நொடிதான். உடம்பை வைத்த விதம் மட்டும்தான் மாறியது. தாளத்தைச் சரியாக்கப் போடும் அடினோசின் ஊசி தேவைப்பட்டவர்கள் 69 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைந்தார்கள், பெரிய கெடுதல் எதுவும் யாருக்கும் வரவில்லை. ஐரோப்பிய இதயநோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதலிலும் படுக்க வைத்துக் காலைத் தூக்கும் முறையையே சொல்கிறார்கள்.

ஒரு பைசா செலவில்லாத விஷயம் இது. கரன்ட் வேண்டாம், ஸ்டாக் வேண்டாம். மருந்து தீர்ந்துபோன ராத்திரியில், மலைக்கிராமத்துக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூடச் செய்யலாம். அப்படியிருந்தும் நோயாளியை ஸ்டூலில் உட்கார வைத்து "முக்கும்மா" என்று சொல்லி, ரெண்டு நொடி முக்கிவிட்டு "முடியல சார்" என்றதும் விட்டுவிடுகிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அது சிகிச்சையை முயற்சி செய்ததாக ஆகாது.

சரியாகச் செய்வது எப்படி என்று சொல்கிறேன். கட்டிலின் தலைப்பக்கத்தை 45 டிகிரிக்கு உயர்த்தி நோயாளியைச் சாய்த்து வைக்க வேண்டும். நேராக உட்கார வைப்பதும் இல்லை, படுக்க வைப்பதும் இல்லை, ஈசிசேரில் சாயும் அளவு. துடிப்பைக் காட்டும் மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கையில் ஊசி போடும் வழி தயாராக இருந்தால் இன்னும் நல்லது. 10 மில்லி சிரிஞ்சின் நுனியை வாயில் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 நொடி விடாமல் ஊதச் சொல்ல வேண்டும். ஆய்வில் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் என்று கருவி வைத்து அளந்தார்கள், சிரிஞ்சை ஊதினால் ஏறக்குறைய அந்த அழுத்தம் வந்துவிடும். கன்னத்தை உப்பவைத்து ஊதினால் பிரயோஜனமில்லை, அடிவயிறு இறுக வேண்டும். 15 நொடி என்பது ஊதுகிறவருக்கு ரொம்ப நீளமாகத் தெரியும், அதனால் பக்கத்தில் ஒருவர் சத்தமாக எண்ண வேண்டும்.

பதினைந்து என்று எண்ணி முடித்த அதே நொடியில் தலைப்பக்கம் கீழே இறங்க வேண்டும், இன்னொருவர் இரண்டு காலையும் 45 டிகிரிக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அப்படியே 15 நொடி. காலை நோயாளி தானாகத் தூக்கக் கூடாது, தூக்கினால் அவர் வயிற்றை இறுக்கி மறுபடியும் முக்குவார். கால் தளர்வாக இருக்க வேண்டும், பிடித்திருப்பவர்தான் தாங்க வேண்டும். பிறகு திரும்ப 45 டிகிரிக்குச் சாய்த்து வைத்து முக்கால் நிமிடம் பொறுத்து மானிட்டரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது அந்த நடு இடத்தில்தான்: ஊதி முடித்ததும் நோயாளி "அப்பாடா" என்று நிமிர்ந்து உட்காருவார், கட்டிலின் கைப்பிடியைச் சுற்றி இறக்குவதற்குள் பத்து நொடி போயிருக்கும், கால்பக்கம் நிற்க ஆளே இருக்காது. எகிறும் பிபி அதற்குள் வந்து போய்விடும். கைப்பிடி மெதுவாகச் சுற்றும் பழைய கட்டிலாக இருந்தால் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்த்துவிட்டு, எண்ணி முடித்ததும் அவற்றை உருவிவிட்டுத் தோளைத் தாங்கிப் படுக்க வைப்பது எவ்வளவோ மேல். முன்கூட்டியே யார் தலைப்பக்கம், யார் கால்பக்கம், யார் எண்ணுவது என்று பேசிக்கொள்ள வேண்டும், நோயாளிக்கும் "எண்ணி முடிச்சதும் உங்களைப் படுக்க வைச்சுக் காலைத் தூக்குவோம், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கவிழ்த்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும்.

முதல் தடவை நிற்கவில்லை என்றால் இன்னொரு தடவை செய்து பார்க்கலாம். அதற்கும் நிற்கவில்லை என்றால் அடினோசின் ஊசி. அதிலும் உடம்பை வைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த மருந்து ரத்தத்தில் பத்து நொடிகூடத் தாங்காது, ஆகவே புறங்கையில் சின்ன ரத்தக்குழாயில் போட்டால் இதயத்தை எட்டுவதற்குள் கரைந்துபோகும். முழங்கை மடிப்பில் பெரிய ரத்தக்குழாயில் 6 மில்லிகிராம் வேகமாக ஏற்றி, பின்னாலேயே 20 மில்லி சலைனையும் வேகமாகத் தள்ளி, கையை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்து 12. ஏறியதும் சில நொடி நெஞ்சை அமுக்கி உயிர் போவதுபோல் ஒரு உணர்வு வரும், அது உடனே விலகிவிடும் என்று முன்பே சொல்லிவிட்டுப் போட்டால் நோயாளி பயந்து எழ மாட்டார். ஆஸ்துமா இருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். காபி, டீ குடித்திருந்தாலும் சொல்ல வேண்டும், அது மருந்தின் வேலையைக் குறைக்கும். படபடப்பு வந்ததும் வீட்டில் சூடாக ஒரு டீ போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை இதற்காகவே நிறுத்துங்கள்.

இனி, யாருக்குக் காலைத் தூக்கக் கூடாது. மூச்சு வாங்கி, படுத்தால் இன்னும் திணறி, நுரையீரலில் நீர் கோத்த நிலையில் இருப்பவருக்கு இன்னும் ரத்தத்தை நெஞ்சுக்கு அனுப்பினால் நிலைமை மோசமாகும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து காலைத் தொங்கவிட வேண்டும். பெரியவர்கள் பயந்த ஆபத்து உண்மையாக இருப்பது இவர்களிடம்தான். பெருந்தமனி வால்வு சுருங்கியவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கண் அழுத்த நோயோ விழித்திரைப் பாதிப்போ இருப்பவர்கள் முக்கவே கூடாது. சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்கள் நம் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், அதனால் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருந்தவர்களை ஆய்வில் சேர்க்கவில்லை. ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்க வைத்தால் கருப்பை பெரிய சிரையை அமுக்கும், அவர்களை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் சரி. பிபியின் மேல் எண் 90க்குக் கீழே இறங்கி, நெஞ்சு வலித்து, நினைவு தடுமாறுகிறது என்றால் ஊதிக்கொண்டிருக்க நேரமில்லை, ஷாக் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கில்லாத துடிப்பை இந்த முறை நிறுத்தாது, கீழறையிலிருந்து கிளம்பும் ஆபத்தான துடிப்பில் இதை நம்பி நேரத்தைக் கழிக்கவே கூடாது.

அதனால் வீட்டில் செய்யலாமா என்ற கேள்விக்கு நிபந்தனையோடுதான் ஆமாம் சொல்வேன். உங்கள் அக்காவுக்கு ஈசிஜியிலேயே எஸ்.வி.டி. என்று உறுதியாகியிருக்கிறது, வயதும் 34தான், ஊதியதில் நின்றும் இருக்கிறது. அவருக்கு வேறு இதயக்கோளாறு இல்லை என்று எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து மருத்துவர் சொல்லி, அவரே செய்யச் சொல்லிக் கொடுத்த பிறகு, வீட்டில் இரண்டு பேர் இருக்கும்போது செய்யலாம். பாயில் உட்கார வைத்து முதுகுக்குத் தலையணை, எண்ணி முடித்ததும் தோளைத் தாங்கி மெதுவாக, ஆனால் தாமதமில்லாமல் படுக்க வைப்பது, காலைத் தூக்கிப் பிடிப்பது. கட்டிலைவிடத் தரை நல்லது, மயங்கினாலும் விழ இடமில்லை. இரண்டு முறை செய்தும் நிற்காவிட்டால் கிளம்பிவிடுங்கள். தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதுவும் இருந்தால் முதல் முறையும் வேண்டாம், நேராக 108. முதன்முதலாகப் படபடப்பு வருகிறவருக்கும், அது எந்த வகைத் துடிப்பு என்றே தெரியாதவருக்கும் வீட்டில் இதைச் செய்யக் கூடாது. ஐம்பது வயதுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் இதைச் செய்து பார்ப்பதும் தப்பு, கேஸ் என்று சோடா உடைத்துக் கொடுப்பதும் தப்பு.

துடிப்பை நிறுத்துகிறேன் என்று கழுத்தைத் தடவுவது, கண்ணை அழுத்துவது இரண்டும் வேண்டவே வேண்டாம். கழுத்தைத் தடவும் முறை மருத்துவர்கள் கையில் உண்டு, ஆனால் வயதானவர்களுக்கு அங்கே தமனியில் கொழுப்புப் படிந்திருந்தால் துண்டு பிய்ந்து மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். கண்ணை அழுத்தினால் விழித்திரை பிரிந்துவிடலாம்.

கூட்டிப் போகும் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புவது பைக் பற்றி. பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை என்று எந்தப் பக்கம் எடுத்தாலும் உடம்புக்கு முடியாதவரைப் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போவது சாதாரணம். காய்ச்சலுக்கு அது ஓடும். 190ல் துடிக்கும் இதயத்தோடு ஒருவர் செங்குத்தாக உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் ரத்தம் காலுக்கு இறங்கி, மூளைக்குப் போவது குறைந்து, பைக் ஓடும்போதே மயங்கிச் சரியலாம். சரிந்தால் மூன்று பேரும் சேர்ந்து விழுவீர்கள். வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி மாதிரி இடங்களில் 108 வந்து சேரக் கொஞ்சம் ஆகும்தான், அங்கே ஒரு காரோ சரக்கு வேனோ கிடைத்தாலும் பைக்கைவிட மேல், ஏனென்றால் படுக்க வைக்க முடியும்.

வண்டிக்குள் எப்படி வைப்பது என்பதை அவரே சொல்வார், கேட்டால் போதும். தலைசுற்றி, வேர்த்து, கண் இருட்டுகிறது என்றால் பின்சீட்டில் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உங்கள் மடிமேல் தூக்கி வையுங்கள். மூச்சு வாங்குகிறது, படுத்தால் முடியவில்லை என்றால் நிமிர்த்தி உட்கார வையுங்கள். இரண்டும் இல்லை, படபடப்பு மட்டும்தான் என்றால் சாய்ந்த நிலை அவருக்கு வசதி. மயங்கிவிட்டார், ஆனால் மூச்சு ஒழுங்காக இருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தால் மூச்சுக்குழலுக்குள் போகாது. மூச்சே இல்லை, அல்லது விட்டுவிட்டு இழுக்கிறார் என்றால் வண்டியை நிறுத்தித் தரையில் கிடத்தி, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100லிருந்து 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அமுக்க ஆரம்பியுங்கள், ஒருவர் 108க்குப் பேசட்டும்.

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, ஆனால் படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஈசிஜி எடுக்கும் இடம் எதுவோ அங்கே முதலில் நில்லுங்கள். போகிற வழியில் தானாக நின்றுவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈசிஜி பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், "டென்ஷன்தான், தூங்குங்கம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். பெண்களுக்கு இது அதிகம் நடக்கிறது, வருஷக்கணக்கில் மனப்பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். அக்காவுக்குத் துடிப்பு 190ல் இருந்தபோது எடுத்த அந்த ஈசிஜியை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், தாளில் மை மங்கிப்போகும், அதனால் போனில் படமும் எடுத்து வையுங்கள்.

அடிக்கடி வந்தால் ஒவ்வொரு முறையும் ஊதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு அந்தக் கூடுதல் பாதையைச் சுட்டுவிடும் அப்லேஷன் என்ற சிகிச்சை இருக்கிறது. ஏவி கணுவிலேயே இரண்டு பாதை உள்ள வகையில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் ஒரே முறையில் தீர்ந்துவிடுகிறது. ஏவி கணு அடிபட்டுப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சேலத்திலோ பெங்களூரிலோ இதயத்தின் மின்னோட்டத்தையே பார்க்கும் மருத்துவரிடம் அந்த ஈசிஜியோடு ஒருமுறை போய் வாருங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போய் அங்கேயே விசாரியுங்கள். அதுவரை அக்கா கிணற்றடி, மொட்டைமாடி மாதிரி இடங்களில் தனியாக வேலை பார்க்க வேண்டாம். படபடப்பு ஆரம்பித்தால் எங்கே இருக்கிறாரோ அங்கேயே முதலில் தரையில் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் உங்களைக் கூப்பிடட்டும்.